வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகால் திறப்பதில்லை

எங்கள் வீட்டு கராஜின் கூரையில் ஓர் இரும்புக் கொக்கி இருக்கிறது. எங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவர்கள் சைக்கிள் மாட்டுவதற்காக அடித்தது. ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும் என் மனைவி அந்தக் கொக்கியில்தான் இருந்தாள்.

இப்படிச் சொன்னால் சிலருக்குத் திக்கென்று இருக்கும். பவானிப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. மயானத்திலிருந்து நேராகக் கூடுதுறைக்குக் கொண்டுபோய், பவானியும் காவேரியும் சேருகிற இடத்தில் விட்டுவிட்டு, தலை முழுகி வீடு திரும்புவது எங்கள் வழக்கம். உடனே போக முடியாவிட்டால் கலயத்தை மஞ்சள் துணியில் கட்டி, வெளியே ஒரு மரக்கிளையில் தொங்கவிடுவார்கள். தரையில் வைக்க மாட்டார்கள். நாங்கள் இருப்பது டெக்ஸாஸில், ஆலன் ஊரில். வீட்டு வாசலில் நட்டிருக்கிற மரம் என் தோள் உயரம்கூட இல்லை. அதில் எதையாவது தொங்கவிட்டால் குடியிருப்புச் சங்கத்துக்காரர்கள் கதவைத் தட்டுவார்கள். வீட்டைச் சேர்ந்ததும் வீட்டுக்குள் இல்லாததுமான இடம் கராஜ் ஒன்றுதான். மயானத்தில் கொடுத்த கறுப்புப் பெட்டியை மஞ்சளில் நனைத்துக் காயவைத்த வேட்டித் துணியில் முடிந்து, கொக்கியில் மாட்டினேன். முருகா, இது தப்பென்றால் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுத்தான் மாட்டினேன்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரியில், இனி மருந்து வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போன மதியம், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏனுங்க, என்னைய இங்கெல்லாம் எங்கயும் விட்றாதீங்க. கூடுதுறைக்குக் கொண்டோயிருங்க. எங்கம்மா அங்கதான் போச்சு."

சரி என்றேன். 

அவள் என் தாய்மாமன் மகள். இன்ஜினியரிங் படித்தவள். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு இருந்தவன். பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அவள்தான் என்னைக் கட்டிக்கொள்வேன் என்று சொல்லியிருக்கிறாள். பின்னாளில் என் மாமியார் சொல்லித்தான் எனக்கே தெரியும். அவளுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்ததும் அவள் பின்னால் வந்தேன். அவள் ஆபீஸ் போனாள். நான் சமைத்தேன், பிறந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன், பூஜை செய்தேன், சனிக்கிழமைகளில் கோயில் மடப்பள்ளியில் சாம்பார் கிளறினேன். விருந்துகளில் யாராவது சார் எங்கே வொர்க் பண்றீங்க என்று என்னைக் கேட்டால் அவள்தான் முந்திக்கொள்வாள். "எங்க வீட்ல நான் சம்பளமுங்க, அவரு சமையல். ரெண்டுல எது நின்னாலும் பட்டினிதான்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இப்போது நினைத்தால் அவள் என்னை எத்தனை பேருக்கு முன்னால் காப்பாற்றியிருக்கிறாள் என்று தோன்றுகிறது.

தாஜ்மகால் எங்கள் வீட்டுக்குள் வந்தது அவள் சொன்ன கதையால்தான்.

கல்லூரிக் கடைசி வருடத்தில் டெல்லி, ஆக்ரா என்று டூர் போயிருக்கிறார்கள். ஆக்ராவுக்கு எந்த நாள் போவது என்று பேச்சு வந்தபோது, வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கே போவோம் என்று சொன்னது இவள்தான். கோபி, பவானி, சத்தியமங்கலத்துப் பெண்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றிருக்கிறார்கள். ஹாஸ்டல் போல ஒரு லாட்ஜில் விடியற்காலையில் எழுந்து தலைக்குக் குளித்து, நல்ல துணி உடுத்தி, பொட்டு வைத்துக்கொண்டு போய் இறங்கினால், கேட் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே தொழுகை நாள். வேறு யாரையும் உள்ளே விட மாட்டார்களாம். ஈரத் தலையோடு நின்ற பெண்களைப் பார்த்துக் காவல்காரர் சிரித்துவிட்டாராம். பிறகு ஒரு ஆட்டோக்காரர் பாவப்பட்டு, யமுனைக்கு மறுகரையில் கொண்டுபோய் மணலில் இறக்கிவிட்டிருக்கிறார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தாஜ்மகாலின் பின்புறம் தெரிந்திருக்கிறது.

"எல்லாரும் மூஞ்சியப் பாத்துட்டு வருவாங்க, நான் முதுகப் பாத்துட்டு வந்தவ" என்று எங்கள் மகளிடம் சொல்லுவாள். "முன்பக்கத்த உங்கூட வந்து பாத்துக்கறேன் போ." பெண் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஊருக்குப் போகும்போது இந்தத் தடவை ஆக்ரா என்று பேச்சு எழும். ஒரு வருடம் வெயில், ஒரு வருடம் மச்சினன் கல்யாணம், அப்புறம் அவளுக்கு உடம்பு.

அவள் போன பிறகு டிக்கெட் போடலாம் என்று பார்த்தால், என்னால் கிளம்ப முடியாது என்று தெரிந்தது. நான் இந்த நாட்டில் இருந்ததே அவள் வேலையை வைத்துத்தான். அவள் பேரில் போட்டிருந்த கிரீன் கார்டு மனு இன்னும் நிலுவையில் இருந்தது. அது எனக்கும் பாதுகாப்புத்தான் என்றார் வக்கீல். ஆனால் வெளியே போய்வர அனுமதி வரும்வரை நாட்டை விட்டு ஒரு அடி எடுத்து வைத்தாலும் மனு செத்துவிடும், திரும்பி வர முடியாது என்றார். மகள் இங்கேயே பிறந்தவள், இங்கே பள்ளியில் பதினொன்றாவது படிக்கிறாள். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். அவர் கையை விரித்தார்.

கோயிலில் ஒரு பெரியவர் உண்டு. எல்லோருக்கும் அவர் அங்கிள். போன் செய்து, இங்கே பக்கத்து ஏரியிலேயே விட்டுவிடு தம்பி, எத்தனையோ பேர் விடுகிறார்கள், நினைத்துவிட்டால் எல்லாத் தண்ணீரும் கங்கைதான் என்றார். நல்ல மனதோடு சொன்னார். ஒருநாள் நானும் காரை எடுத்துக்கொண்டு அந்த ஏரிக்கரையில் போய் நின்று பார்த்தேன். மோட்டார் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீர் எங்கேயும் போகாமல் நின்றது. இங்கே விட்டால் இவள் எங்கே போவாள் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். ஊருக்குப் போகிற சிநேகிதர் ஒருவர் தன் பெட்டியில் வைத்து எடுத்துப்போகிறேன் என்றார். சோப்பும் சாக்லேட்டும் திணித்த பெட்டிக்குள் அவளை வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

அஸ்தி கரையாத வீட்டில் இருந்துகொண்டு கோயிலுக்குள் நுழைய எனக்குக் கால் வரவில்லை. யாரும் தடுக்கவில்லை, நானேதான். சனிக்கிழமைகளில் கோயில் வாசல் வரை காரில் போய், நறுக்கின காய்களைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். தினமும் காலையில் குளித்து, விபூதி பூசி, கராஜ் கதவைத் திறந்து கொக்கிக்குக் கீழே நிற்பேன். சரவணபவ என்று சொல்லுவேன். இன்னும் வழி கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்து காபி போடுவேன்.

மகளுக்கு அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது; காரை வாசலுக்கு எடுத்த பிறகுதான் அவள் வந்து ஏறுவாள். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை பந்துக்குக் காற்றடிக்கிற பம்பைத் தேடிக்கொண்டு கராஜுக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். வெகுநேரம் சத்தமில்லை என்று போய்ப் பார்த்தேன்.

"அப்பா, இஸ் தட் அம்மா?"

ஆமாம் சாமி என்றேன். அவள் மேலே பார்த்தாள். கொக்கிக்கு நேர் கீழே புல் வெட்டுகிற மிஷின் நின்றது. பக்கத்தில் பெயிண்ட் டப்பாக்கள், பழைய கார்ப்பெட் சுருள்.

"லான் மோவர் மேல தொங்க விட்ருக்கீங்க" என்றாள். எங்களோடு அவள் பேசுவது பெரும்பாலும் இங்கிலீஷ்தான். தமிழில் பேசினால் ரொம்பக் கோபம் என்று அர்த்தம். "இங்க ஹீட்டர்கூட இல்லப்பா."

நான் எடுத்துச் சொன்னேன். வீட்டுக்குள் வைப்பது வழக்கமில்லை, வைத்தால் அம்மா போக வழி தெரியாமல் வாசலிலேயே நிற்பாள் என்றேன். நிற்கட்டுமே, எனக்கு அதுதானே வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னாள். தன் அறையில் மேஜைமேல் வைத்துக்கொள்வதாகக் கேட்டாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் தாத்தாவின் சாம்பலைக் கணப்பு மாடத்தின்மேல் ஜாடியில் வைத்திருக்கிறார்களாம். இன்னொருத்திக்குக் கல்லறை இருக்கிறதாம், பிறந்தநாளுக்குப் பூ கொண்டுபோய் வைக்கிறாளாம். நீங்கள் எல்லாவற்றையும் ஆற்றில் விட்டுவிட்டு வந்துவிடுகிறீர்கள், அப்புறம் நான் அம்மாவைப் பார்க்க எங்கே போவது என்று கேட்டாள். முடியாது சாமி என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். காரில் பள்ளிக்குக் கொண்டுபோகும்போது எப்போதும்போலப் பின்சீட்டில் உட்காருவாள். முன்சீட்டு அவள் அம்மாவுடையது. அம்மா போன பிறகும் அவள் அதில் உட்காரவில்லை. டாக்சிக்காரன் மாதிரி நான் முன்னால் தனியாக ஓட்டிக்கொண்டு போவேன். கண்ணாடியில் பார்த்தால் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பாள்.

பொங்கல் முடிந்த சமயம். அவள் பள்ளியில் கலை வரலாறு என்று ஒரு பாடம் எடுத்திருந்தாள். வகுப்பில் ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேச வேண்டும். அவள் தாஜ்மகாலை எடுத்திருந்தாள். இந்த மாதிரிப் பேச்சுகளை எல்லாம் முன்பு அம்மாவிடம்தான் பேசிக் காட்டுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அடுக்களையில் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பேச ஆரம்பித்துவிட்டாள். நான் அசையாமல் காயைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். எழுந்தால் போய்விடுவாளோ என்று பயம்.

அவள் சொன்னது எல்லாம் எனக்கு விளங்கியது என்று சொல்ல மாட்டேன். எனக்கு விளங்க வேண்டும் என்று, கோபம் இல்லாமலே, பாதிக்குமேல் தமிழில் சொன்னாள். ஆற்றங்கரை மணலில் அவ்வளவு பாரம் நிற்காது என்று கிணறு கிணறாகத் தோண்டி, கல்லும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பி, அதன்மேல் மேடை கட்டியிருக்கிறார்கள். மூலைக்கு ஒன்றாக நிற்கிற நான்கு தூண்களும் துளி வெளிப்பக்கம் சாய்ந்தே இருக்குமாம். பூமி அதிர்ந்து விழுந்தாலும் நடுவில் படுத்திருப்பவள்மேல் விழக் கூடாதாம். வாசலைச் சுற்றிக் கறுப்புக் கல்லில் குர்ஆன் வசனம் பதித்திருக்கிறார்கள். மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள்; கீழே நின்று பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரிய வேண்டும் என்று. வெளியே தெரிகிற குவிமாடத்துக்குள் இன்னொரு குவிமாடம் இருக்கிறது. மேற்கே ஒரு மசூதி. அதற்கு ஜோடி வேண்டுமே என்பதற்காகவே கிழக்கே அதே மாதிரி ஒரு கட்டடம்.

"அப்புறம், நாலு பக்கமும் ஒரே மாதிரிதான்" என்று படத்தைத் திருப்பிக் காட்டினாள். முன்பக்கம், பின்பக்கம் என்று வித்தியாசமே கிடையாது, அளவு, வளைவு, பூவேலை எல்லாம் ஒன்றுதான் என்றாள்.

நான் நார் உரிப்பதை நிறுத்திவிட்டேன். "அப்ப உங்கம்மா பாத்தது?"

அவளும் நிறுத்தினாள். அதுவரை அவளுக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. "ஷீ சா இட்" என்றாள். "அப்பா, ஷீ ஆக்சுவலி சா இட்."

முதுகைப் பார்த்தேன் என்று இருபது வருடம் சொல்லிச் சிரித்தவள். அது முகமும்தான் என்று அவளுக்குத் தெரியாது. குக்கர் விசில் அடித்து அடங்கியது.

பிறகு அவள் சரித்திரத்துக்கு வந்தாள். அந்த ராணி ஆக்ராவில் சாகவில்லை. தெற்கே, பாதுஷா படையோடு தங்கியிருந்த ஊரில், பிள்ளைப்பேற்றில் செத்திருக்கிறாள். தபதி நதிக்கரையில் ஒரு தோட்டத்தில் தற்காலிகமாக அடக்கம் செய்து வைத்திருக்கிறார்கள். மாதக்கணக்கில் அங்கேயே இருந்திருக்கிறாள். பிறகுதான் எடுத்து ஆக்ராவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் உடனே தாஜ்மகால் எங்கே இருந்தது, ஆற்றங்கரையில் ஒரு சின்னக் கட்டடத்தில் வைத்தார்களாம். அவளுடைய மூத்த மகளுக்கு அப்போது பதினேழு வயது. என் மகளுக்கும் பதினேழுதான். அதைச் சொன்னபோது அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தோட்டத்திலிருந்து யார் எடுத்துப் போனது, பாதுஷாவா என்று கேட்டேன்.

இல்லை, மகனை அனுப்பினார், அவர் கூடப் போகவில்லை என்றாள்.

"ஏன், அவரே போகலையா?"

"தெரியலப்பா. புக்ல சொல்லல." தோளைக் குலுக்கினாள். "மேபி அவரால முடியல."

அவரைக்காயை முறத்தில் போட்டுவிட்டு, எனக்கும் முடியலை சாமி என்றேன். அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கிளம்பினால் திரும்பி வர முடியாது, நீ தனியாக நின்றுபோவாய், அதனால்தான் அம்மா கொக்கியில் இருக்கிறாள், மறந்துபோய் இல்லை என்றேன். ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டதையும் சொன்னேன். அவள் அந்த மதியம் பள்ளியில் இருந்தாள். அவளுக்கு அது தெரியாது. இவ்வளவு நாளும் நான் காலையில் கராஜில் நிற்பதைப் பார்த்து, காரைத் துடைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

கூடுதுறையை மேப்பில் காட்டச் சொன்னாள். எனக்கு இடம் தெரியும், அந்தக் கருவியில் தேடத் தெரியாது, அவளே தேடினாள். இரண்டு ஆறு வந்து சேருகிற முக்கில் கோயில் கோபுரம் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாமல் மூன்றாவதாக ஒரு நதி அடியிலிருந்து வந்து கலக்கிறது என்று சொன்னேன். அங்கே யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று கேட்டாள். உன் அம்மாவைப் பெற்றவள், என் அப்பா, அவருக்கு அப்பா, கைக்குழந்தையில் போன என் தங்கச்சி, நம் ஆட்கள் எல்லோரும் அங்கேதான் என்றேன்.

"எல்லாரும் ஒரே இடத்திலயா?"

"ஒரே இடத்துலதான். நாளைக்கு என்னையும் அங்கதான் விடோணும்."

"ஸ்டாப் இட், அப்பா" என்றாள். ஆனால் மேப்பை மூடவில்லை. அன்று இரண்டு பேரும் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சில நாள் கழித்துக் காரில், பின்சீட்டிலிருந்து சொன்னாள். தன்னிடம் அமெரிக்கப் பாஸ்போர்ட் இருக்கிறது, ஸ்பிரிங் பிரேக்கில் ஒரு வாரம் லீவு இருக்கிறது, தான் அம்மாவைக் கொண்டுபோவதாக. நான் காரை ஓரம் கட்டிவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துக்கொண்டு போனான்.

ஊரில் மச்சினனுக்குச் சொன்னதும் அவன் தயங்கினான். "பொட்டப்புள்ள ஆத்துல அஸ்தி உடறதா மச்சான்? நாலு பேரு என்ன சொல்லுவாங்க." உன் அக்காளுக்குப் பிறந்தது ஒன்றுதானப்பா, அது எதுவாக இருந்தால் என்ன என்றேன். போனில் அவன் அழுதான். கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு வந்து நிற்கிறேன் என்றான்.

டிக்கெட் போட்டது மகள். பள்ளி வெள்ளிக்கிழமை மதியம் முடிகிறது, அன்று மாலையே விமானம். எனக்கு அடுத்த சங்கடம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்ப மாட்டோம். கட்டிக்கொடுத்த பெண் தாய்வீட்டுக்கு வந்திருந்தால்கூட வெள்ளியன்று கிளம்ப விட மாட்டோம். மகாலட்சுமி படி இறங்கிப்போன மாதிரி. கொக்கியில் இருந்தாலும் இவள் இந்த வீட்டு மகாலட்சுமி இல்லாமல் வேறு யார். மகளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு. "அகெய்ன் ஃபிரைடே" என்றாள்.

எங்கள் பக்கம் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நாள் சரியில்லாதபோது போயே ஆக வேண்டி வந்தால், முதல்நாளே நல்ல நேரத்தில் ஒரு பையை வெளியே எடுத்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாக அர்த்தம். அஸ்தியை எந்தப் பக்கத்து வீட்டில் போய் வைப்பது? வியாழக்கிழமை சாயங்காலம் கொக்கியிலிருந்து முடிச்சை இறக்கினேன். இறக்கியபோதுதான் எவ்வளவு கனம் என்று கை உணர்ந்தது. காரின் முன்சீட்டில், அவள் இடத்தில், வைத்தேன். மகள் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். கராஜிலிருந்து தெருவோரம் வரைக்கும் போய் ராத்திரி அங்கே நின்றால், பயணம் தொடங்கியதாகக் கணக்கு.

வண்டியைக் கிளப்பியதும் மணி அடிக்க ஆரம்பித்தது. முன்சீட்டில் யாரோ இருக்கிறார்கள், பெல்ட் போடவில்லை என்று கார் சொல்லியது. விடாமல் அடித்தது.

என் மனைவி ஒருநாளும் உடனே பெல்ட் போட மாட்டாள். கைப்பையில் எதையாவது தேடிக்கொண்டே இருப்பாள், தெருமுனை போய்ச் சேரும்வரை மணி அடிக்கும். நாங்கள் இரண்டு பேரும் சத்தம் போட்ட பிறகுதான் போடுவாள்.

"அம்மா, பெல்ட்டப் போடும்மா" என்றாள் மகள், பின்னாலிருந்து. தமிழில்தான் சொன்னாள். பிறகு எட்டிக் குனிந்து, பெல்ட்டை இழுத்து, மஞ்சள் முடிச்சைச் சுற்றி மாட்டினாள். மணி நின்றது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன். தெருவில் யாரோ நாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் விமான நிலையத்தில் அவள் முடிச்சை வைத்த பையை முதுகில் போடாமல் முன்பக்கம், கைக்குழந்தையைக் கட்டிக்கொள்கிற மாதிரி, மாட்டிக்கொண்டாள். யாரிடமும் கொடுக்காதே, கீழே வைக்காதே என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். சரிப்பா சரிப்பா என்றாள். சோதனை வரிசையில் திரும்பிப் பார்த்தாள். நான் கும்பிட்டேன். மகளைக் கும்பிட்டேனா, மனைவியைக் கும்பிட்டேனா, எனக்கே தெரியாது.

கூடுதுறையில் நடந்ததை மச்சினன்தான் போனில் சொன்னான். தண்ணீர் குறைவுதானாம். பரிசலில் ஏறி ஆழமான இடத்துக்குப் போயிருக்கிறார்கள். அய்யர் சீக்கிரம் சீக்கிரம் என்றிருக்கிறார், பாப்பா அவசரப்படவில்லையாம். முடிச்சைத் தானே அவிழ்த்திருக்கிறாள். "உடறதுக்கு முன்னால இங்கிலீஷ்ல என்னமோ சொல்லுச்சுங்க மச்சான். வேகமா, ரகசியமா. எனக்கு விளங்கல." என்ன சொன்னாள் என்று இன்றுவரை நான் அவளைக் கேட்கவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

அவர்கள் கரையேறிய நேரத்துக்கு இங்கே நான் தலை முழுகிவிட்டு வந்தேன். வழக்கப்படி கால் கராஜுக்குப் போனது. கொக்கியில் ஒன்றும் இல்லை. மகள் படித்துக் காட்டியபோது இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: தாஜ்மகாலில் உலகம் முழுக்க வந்து பார்க்கிற அந்தப் பூவேலைக் கல்லறைக்குள் யாரும் இல்லை, உண்மையானது கீழே, இருட்டறையில், அலங்காரம் இல்லாமல் இருக்கிறது. மேலே இருப்பது வெறும் கல். ராணியின் கல் சரியாக நடுவில். பிறகு வந்த பாதுஷாவுக்கு இடம் வைக்கவில்லை, அவரை ஓரமாகச் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கட்டடத்திலேயே சரியாக அமையாதது அது ஒன்றுதானாம். காலியான கொக்கிக்குக் கீழே நின்று கும்பிட்டேன். அவள் போய்விட்டாள், வழி கிடைத்துவிட்டது என்று தெரியும். ஆனாலும் அழுகை வந்தது. அஸ்தியாகவாவது இவ்வளவு நாள் வீட்டில் இருந்தாள்.

டெல்லி வழியாகத்தான் அவள் திரும்பினாள். மாமனைக் கூட்டிக்கொண்டு ஆக்ராவும் போகிறேன் என்றாள். சரி சாமி, வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதே என்றேன். அடுத்து மச்சினன் போன் செய்தபோது குரலில் எரிச்சல்.

"மச்சான், இன்னிக்கு வெள்ளிக்கிழமை, மூடியிருக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். தெரியும் மாமா, அதான் வந்தேன்னு சொல்லுது. ஆத்துக்கு இந்தப்பக்கம் மணல்ல உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்குது. இவ்ளோ தூரம் வந்துட்டு உள்ள போகாம யாராச்சும் திரும்புவாங்களா?"

உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் விடப்பா என்றேன்.

விமான நிலையத்துக்கு அழைக்கப் போனேன். வெயிலில் கறுத்திருந்தாள். பெட்டிகளைப் பின்னால் ஏற்றிவிட்டு வழக்கம்போல் அவளுக்காகப் பின்கதவைத் திறந்தேன். அவள் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு அதைச் சாத்திவிட்டு, முன்கதவைத் திறந்து உட்கார்ந்தாள். முன்பக்கத்தைப் பார்க்கவில்லையே என்று கேட்டேன். அனுமதி வரட்டும், உங்களோடு போய்ப் பார்க்கிறேன் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் பையில் எதையோ தேட ஆரம்பித்தாள்.

வண்டி நகர்ந்தது. மணி அடித்தது. பெல்ட் என்று நான் சத்தம் போடவில்லை. வளைவு தாண்டி, ஃப்ரீவேக்குத் திரும்புகிற வரைக்கும் அது அடித்துக்கொண்டே வந்தது.